நீரில் இறங்க ஒரு காரணம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு பூம்புகார் கடற்கரையில் நின்றுகொண்டு நான் இரண்டு வாக்கியங்கள் சொன்னேன். மாணவர்களிடம், "ரொம்ப உள்ளே போகாதீங்கப்பா." மாணவிகளிடம், "நீங்க யாரும் இறங்க வேண்டாம்." இரண்டும் ஒரே மூச்சில், யோசிக்காமல் வந்தவை. அதனால்தான் அவற்றைப் பற்றி இப்போது யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிலப்பதிகாரம் பாடமாக இருந்த வகுப்பு அது. காரைக்காலிலிருந்து வடக்கே, தரங்கம்பாடியில் டேனியர் கோட்டையை எட்டிப் பார்த்துவிட்டு, திருக்கடையூர் வழியாகப் போனோம். பூம்புகாரைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் ஏமாந்துதான் போவார்கள். காப்பியத்தில் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமுமாக விரிந்த நகரம், இன்று மீனவர் வீடுகளும் பெட்டிக்கடைகளும் 1973இல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடமும் உள்ள சின்ன ஊர். 1960களில் தொல்லியல் துறை அகழ்ந்தெடுத்த கீழையூர்ப் படகுத்துறையின் செங்கல் கட்டுமானம், பல்லவனீச்சுரத்துப் புத்த விகாரையின் அடித்தளம் என்று கண்ணுக்குத் தெரிவது கொஞ்சம்தான். நகரத்தைக் கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. "இவ்வளவுதானா அம்மா?" என்று ஒருவன் கேட்டான். பிறகு பார்ப்பதற்குக் கடல்தான் மிச்சம். பையன்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினார்கள். பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, அலை கணுக்காலைத் தொடும் இடத்தில் வரிசையாக நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி என்னிடம் வந்தாள். அரசலாற்றங்கரைக் கிராமத்துப் பெண். உள்ளே குதித்துக்கொண்டிருந்த ஒருவனைக் காட்டி, "அவனுக்கு நீச்சல் தெரியாது அம்மா. எனக்குத் தெரியும்" என்றாள். குரலில் கோபமில்லை, கணக்குச் சரிபார்க்கிற தொனி. எனக்குப் பதில் இல்லை. "துணி நனைஞ்சா எப்படிம்மா பஸ்ஸுல திரும்பி வருவே?" என்றேன்.

அலை, சுழல், ஆற்று முகத்தில் சரியும் மணல் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். அவை உண்மையும்கூட. ஆனால் அவை காரணமாக இருந்திருந்தால் நீச்சல் தெரியாத அந்தப் பையனை அல்லவா முதலில் கரையேற்றியிருக்க வேண்டும்? என் கவலை ஆபத்தைப் பற்றியது இல்லை. நனைந்த துணி உடம்பில் ஒட்டும், பேருந்தில் பார்ப்பார்கள், நாளைக்கு ஒரு தகப்பனார் வந்து கேட்பார். இதற்கு நான் வைத்திருந்த பெயர் அக்கறை.

நனைந்த துணி நம் ஊருக்குப் புதிதா என்ன? காரைக்காலிலிருந்து ஐந்து கிலோமீட்டரில் திருநள்ளாறு. சனிக்கிழமை காலையில் நளன் தீர்த்தத்தின் கரையில் நின்று பாருங்கள். எண்ணெய் தேய்த்து முழுகி, ஈரப்புடவையோடு ஆண்களுக்கு நடுவிலேயே படியேறுகிறார்கள் பெண்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை, யாரும் பேருந்தைப் பற்றிக் கேட்பதில்லை. அவர்கள் தோஷம் கழிக்க வந்தவர்கள். அதே உடம்பு, அதே ஈரம். காரணம் மட்டும் வேறு. சனி விலக, பிள்ளை பிறக்க, புருஷன் பிழைக்க, துணி துவைக்க, பாத்திரம் கழுவ என்றால் பெண் எந்த நீரிலும் இறங்கலாம். சும்மா, தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதற்காக இறங்க முடியாது.

பூம்புகாரிலிருந்து அன்று திருவெண்காட்டுக்குப் போனோம். சூரிய, சந்திர, அக்கினி என்று கோயிலுக்குள் மூன்று குளங்கள். சிலம்பில் வரும் சோமகுண்டமும் சூரியகுண்டமும் இவைதான் என்று சொல்பவர்கள் உண்டு. கனாத்திறம் உரைத்த காதையில் தேவந்தி கண்ணகியிடம், காவிரி கடலோடு கலக்கும் இடத்தருகே உள்ள அந்த இரு பொய்கைகளிலும் முழுகிக் காமவேள் கோட்டத்தைத் தொழும் பெண்கள் கணவரோடு இன்புற்று வாழ்வார்கள் என்கிறாள். நமக்கும் ஒருநாள் ஆடுவோம் வா என்ற அழைப்பு அது. கண்ணகி மறுத்துவிடுகிறாள், அது தனக்குப் பெருமை தராது என்கிறாள். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதைக் கற்பின் உச்சமாகக் கொண்டாடுவார்கள். நானும் வகுப்பில் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். இப்போது வேறு மாதிரி படிக்கத் தோன்றுகிறது. ஒரு குளத்தோடு பேரம் பேச அவள் சம்மதிக்கவில்லை. முழுக்குப் போட்டால் புருஷன் வருவான் என்ற வியாபாரம் அவளுக்குக் கேவலமாகப் பட்டிருக்கிறது.

ஆனாலும் அவள் கரையிலேயே நின்றுவிடுகிறாள். சில காதைகளுக்கு முன்பு, இந்திர விழா முடிந்து ஊரே கடலாடப் போன நாளிலும் அவள் போகவில்லை. மாதவிதான் போனாள், அங்கேதான் கோவலனை இழந்தாள். புகாரின் இரண்டு பெண்களில் நீரில் இறங்காதவள் பத்தினியானாள். எங்கள் ஊர்ப் புனிதவதியோ கணவனுக்காகச் சுமந்த உடலின் அழகே வேண்டாமென்று உதறிப் பேயுருக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவள் கோயிலுக்கு எதிரிலும் ஒரு குளம் இருக்கிறது. உடம்பை வைத்துக்கொண்டே சுதந்திரமாக இருப்பதற்கு நம் கதைகளில் இடம் குறைவு.

என் அம்மாச்சிக்கு நீச்சல் தெரியும். பாவாடையை நெஞ்சுக்கு மேல் கட்டிக்கொண்டு குளத்தின் அக்கரைக்குப் போய்த் திரும்புவாராம். அம்மாவுக்கு ஓரளவு தெரியும். எனக்குச் சுத்தமாகத் தெரியாது. இடையில் வந்தது வீட்டுக்குள் குளியலறை. அது பெரிய விடுதலைதான், மறுக்கவில்லை. இருட்டில் ஒளிந்து குளிக்கத் தேவையில்லாமல் போனது. ஆனால் மூன்றே தலைமுறையில் கை கால் அசைக்கத் தெரியாதவர்களாகிவிட்டோம். இதைச் சொல்லிப் பழைய குளத்துக்காக உருகவும் எனக்குத் தயக்கம். அம்மாச்சி நீந்திய குளத்தின் படித்துறையில் சேரிப் பெண்கள் கால் வைக்க முடியாது. 1927 மார்ச் 20 அன்று மகாத்தின் சவுதார் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது எதற்காக என்பதை அந்தப் படித்துறையைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவி ஒருத்தி போன வருடம் ஒரு படம் அனுப்பினாள். மெக்சிகோவின் யுகடானில், மாயா இடிபாடுகள் உள்ள சிச்சென் இட்சாவுக்குப் பக்கத்து ஊரான வயாதோலித். ஊர் நடுவே சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான பெரிய நீர்க்குழி, சினோட்டே என்கிறார்கள். அதில் கழுத்தளவு நீரில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிச்சென் இட்சாவிலேயே ஒரு புனித நீர்க்குழி உண்டு. அதில் கன்னிப் பெண்களைப் பலியாகத் தள்ளினார்கள் என்று வெகுகாலம் கதை ஓடியது. உள்ளேயிருந்து எடுத்த எலும்புகளில் ஆண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். அதன் அருகே ஒரு நிலத்தடித் தொட்டியில் 1967இல் கிடைத்த எலும்புகளை மரபணுச் சோதனை செய்து 2024இல் வெளியிட்டார்கள். சோதித்த 64 பேரும் சிறுவர்கள். ஆழமான தண்ணீரையும் பெண்ணையும் சேர்த்து நினைத்தவுடன் பலி என்று முடிவு கட்டியது பிற்காலத்தவரின் கற்பனை. நமக்கும் அது அந்நியமில்லை. கிணற்றில் விழுந்து செத்தவளைக் கும்பிடும் ஊர், கிணற்றில் நீந்துகிறவளைப் பற்றி வம்பு பேசும்.

நீச்சல் பொழுதுபோக்குதானே, அதற்கா இவ்வளவு என்று கேட்கலாம். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு ஆக்ஸ்பாம் வெளியிட்ட அறிக்கையில், கடலூர் மாவட்டத்தில் இறந்த ஆண்கள் 146, பெண்கள் 391. காரணங்கள் பல. மீன் வாங்கி விற்கக் கரையில் காத்திருந்தவர்கள் பெண்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் பெண்கள். இலங்கையில் நீந்தவும் மரமேறவும் பையன்களுக்குத்தான் பெரும்பாலும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. "நீங்க யாரும் இறங்க வேண்டாம்" என்று நான் சொன்னபோது அந்த எண்கள் எனக்குத் தெரியும். காரைக்காலில் அந்தக் காலையைப் பார்த்தவள் நான். தெரிந்தும் சொன்னேன். நீரிலிருந்து ஒருத்தியைத் தள்ளி வைத்தால் அவளைக் காப்பாற்றியதாகிவிடும் என்று எப்படி நம்பினேன்? தண்ணீர் அவளைத் தேடி வராது என்று எனக்கு யார் சொன்னது?

போன மாதம் அந்தப் பெண்ணைப் பேருந்து நிலையத்தில் பார்த்தேன். பி.எட். படிக்கிறாளாம். அன்று நான் சொன்னது தப்பு என்றேன். அவளுக்குக் கூச்சமாகிவிட்டது, பேச்சை மாற்ற, "உங்களுக்கு நீச்சல் தெரியுமா அம்மா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். நீ கற்றுக்கொடுக்கிறாயா என்றும் கேட்டுவிட்டேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள். நாற்பத்தேழு வயது, முழங்கால் வலி, பருத்திப் புடவை.

"வாய்க்கால் காஞ்சு கிடக்கும்மா. ஆடியில தண்ணி வரட்டும். சுடிதார் போட்டுட்டு வாங்க."