தடுத்தவர் அப்பர்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாக மேற்கே போனது. மறுநாள் கார்த்திகை முதல் தேதி. மாலை போட்டவர்கள் மதுரைச் சாலைகளில் சபரிமலைக்குக் கிளம்பும் பருவம். புயலானாலும் சாமி பார்த்துக்கொள்வார் என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம், அதே வேதாரண்யத்தில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்லும் காட்சி ஒன்று நினைவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பாண்டிய அரசி மங்கையர்க்கரசியாரின் அழைப்பை ஏற்று மதுரைக்குக் கிளம்புகிறார் சம்பந்தர். சமணரிடம் தாம் பட்டதைச் சொல்லி, கோளும் சரியில்லை என்று தடுக்கிறார் அப்பர். சம்பந்தரோ கோளறு பதிகம் பாடிவிட்டுப் புறப்படுகிறார். இன்றும் பலர் அதை ஓதிவிட்டுத்தான் ஊருக்குக் கிளம்புகிறார்கள். கிளம்பியவரின் பாட்டு நிலைத்தது. தடுத்தவரின் சொல்லை யாரும் ஓதுவதில்லை.

தடுத்தவர் என்ன, நம்பிக்கை குறைந்தவரா? கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்டு, ஐந்தெழுத்தைச் சொல்லிக் கரையேறியவர். கடலுக்குள் கிடந்தவர்தான் ‘பொறும்’ என்கிறார். அவர் கடலைத் தேடிப் போகவில்லை, தள்ளிவிட்டார்கள். மாட்டிக்கொண்டவனைத் தாங்கும் நம்பிக்கையைக் கிளம்புவதற்கான அனுமதிச் சீட்டாக மாற்றும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. சம்பந்தர் போய் ஜெயித்தாரே என்று கேட்கலாம். போய்ச் சேர்ந்தவர் கதைதானே பாட்டாகிறது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியை நெருங்கிய பாம்பன் பாசஞ்சரில் ஒருவரும் மிஞ்சவில்லை. அந்தப் பெட்டிகளில் சாமியைக் கூப்பிடாதவர் யார் இருந்திருப்பார்? மதுரையின் திருவிளையாடலிலும் வருணன் மழையை ஏவியபோது சொக்கநாதர் நான்கு மேகங்களை மாடங்களாக்கி ஊரை மூடினார். நனைந்துகொண்டு வா என்று யாரையும் அழைக்கவில்லை, கூரைதான் கொடுத்தார்.

அதற்காக எல்லோரும் கூரைக்கடியில் உட்கார்ந்துவிட முடியுமா? பிரசவ வலி வந்தவளை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் மழையிலும் போகத்தான் வேண்டும். சம்பந்தருக்கும் மதுரையில் ஒரு வேலை இருந்தது, அழைத்தவர் காத்திருந்தார். யாராவது காத்திருந்தால் போகலாம், இல்லையென்றால் நிற்கலாம் என்று கணக்கை முடித்துவிடப் பார்க்கிறேன். ஆனால் மலைக்குப் போகிறவரும் ‘அவன் கூப்பிட்டான்’ என்றுதானே சொல்கிறார்? கூப்பிட்டது சாமியா, சொந்த ஆசையா என்று வெளியிலிருந்து நான் எப்படிப் பிரிப்பது? ஒரே சாமியைக் கும்பிட்ட இருவரில் ஒருவர் நில் என்றார், ஒருவர் கிளம்பினார். பதிகம் கேட்டபின் அப்பர் விடைகொடுத்துவிட்டார். மனம் தேறித்தான் அனுப்பினாரா, இனிச் சொல்லிப் பயனில்லை என்று அனுப்பினாரா? அந்த இடம் மட்டும் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.