கேட்டதைத்தான் கொடுத்தார்

ஜார்ஜெட் ஹேயரின் 'பிளாக் ஷீப்' (1966) நாவலை மூன்று முறை படித்திருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து பாத் நகரம், 28 வயதாகியும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாத அபிகெயில், மரியாதையா, கிலோ என்ன விலை என்று கேட்கிற நாயகன். அப்புறம் 'லேடி ஆஃப் குவாலிட்டி'யைத் திறந்தேன். அவர் உயிரோடிருந்தபோது வெளியான கடைசி நாவல், 1972. மறுபடியும் பாத். நாயகிக்கு 29 வயது. நாயகனுக்கு அதே முரட்டு வாய். 'என்னை ஏமாத்திட்டாங்களே' என்று பாதியில் மூடிவிட்டேன்.

ஆனால் யார் யாரை ஏமாற்றியது?

ஹேயர் எழுத ஆசைப்பட்டது வேறு. லங்காஸ்டரின் ஜான் என்ற இடைக்கால இளவரசனைப் பற்றி மூன்று பாகமாக ஒரு பெரிய நாவல். வரி கட்டப் பணம் வேண்டியிருந்தது, வாசகர்களோ இன்னொரு காதல் கதை கேட்டார்கள். அதனால் அதை ஒதுக்கி வைத்துவிட்டு நமக்கு எழுதினார். 1974இல் இறந்தார். 'மை லார்ட் ஜான்' முடிவு பெறாமலே 1975இல் வெளிவந்தது.

நான் சாஃப்ட்வேர் எழுதுகிறவன். பழைய பட்டனை நகர்த்தினால் சண்டைக்கு வருகிற யூசரேதான் அடுத்த வருஷம் 'புதுசா ஒண்ணுமே இல்லையே' என்பார். இங்கே அந்த யூசர் நான்தான். சலித்தது பொய்யில்லை, அதைச் சொல்வதிலும் தப்பில்லை. ஆனால் சலிப்பு வேறு, துரோகம் வேறு. கொடுத்த வாக்கை மீறினால்தான் துரோகம். அவர் மீறவில்லை, கேட்டதைக் கொடுத்தார்.

பிராயச்சித்தமாக 'மை லார்ட் ஜான்' வாங்கினேன். 40ஆம் பக்கத்தில் நிற்கிறேன். நான் தேடுகிற காதல் கதை அதில் இல்லை.