கொடுங்கோலனின் தலையில் ஒரு முத்தம்

கோடை விடுமுறைக்கு வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், ஒரு சாகசக் கதைப் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு என்னிடம் வந்தான். அப்பொழுதுதான் அஸர் தொழுதுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். கதை இதுதான்: வீரன் ஒருவனின் நண்பர்கள் நால்வரைக் கொடுங்கோலன் ஒருவன் சிறைபிடித்து விடுகிறான். "பக்கத்து நாட்டுக் கோட்டைக்குள் போகும் சுரங்க வழி உனக்குத் தெரியும். அதை என் படைக்குக் காட்டு. இல்லையேல் விடிவதற்குள் நால்வர் தலையும் உருளும்" என்கிறான். வீரன் காட்டிவிடுகிறான். நண்பர்கள் பிழைக்கிறார்கள்.

"நன்னா, அவன் செஞ்சது சரியா?" என்றான் பேரன்.

"நண்பர்களைக் காப்பாற்றத்தானே செய்தான், தப்பில்லை" என்று வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டேன். இஷா தொழுத பிறகும் மனம் ஒப்பவில்லை. சிறுபிள்ளைக் கதை என்று தள்ளிவிடக் கூடிய கேள்வியா அது? நம் இமாம்கள் இதற்கென்றே கிதாபுகளில் தனிப் பாடம் வைத்திருக்கிறார்கள். 'இக்ராஹ்' என்று அதற்குப் பெயர்; நிர்ப்பந்தம் என்று தமிழில் சொல்லலாம். புகாரி ஷரீஃபிலேயே 'கிதாபுல் இக்ராஹ்' என்றொரு பகுதி உண்டு.

நிர்ப்பந்தம் என்றதும் நம் நினைவுக்கு வருபவர்கள் ஹளரத் அம்மார் (ரலி) அவர்கள். தாய் சுமையா (ரலி), தந்தை யாஸிர் (ரலி) இருவரையும் மக்கத்துக் குறைஷிகளின் கொடுமைக்குப் பலிகொடுத்தவர்கள். வேதனை பொறுக்க மாட்டாமல் அவர்கள் கேட்ட சொல்லைச் சொல்லிவிட்டு, அழுதுகொண்டே நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் ஓடிவந்தார்கள். உம் உள்ளம் எப்படி இருக்கிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஈமானில் அமைதியாகத்தான் இருக்கிறது என்றார்கள் அம்மார் (ரலி). அப்படியானால் அவர்கள் மறுபடி வதைத்தால் நீரும் மறுபடி சொல்லிக்கொள்ளும் என்று அனுமதி கிடைத்தது. 'நஹ்ல்' அத்தியாயத்தின் 106ஆம் திருவசனம் இது பற்றியே இறங்கியது என்பர் முஃபஸ்ஸிர்கள். இது நம் வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரிந்த வரலாறுதான்.

ஆனால் அம்மார் (ரலி) அவர்களுக்கு வந்தது தம் உயிருக்கு வந்த ஆபத்து. என் பேரன் கேட்டதோ வேறு. கத்தி வீரன் கழுத்தில் இல்லை. அவனுடைய தோழர்கள் கழுத்தில் இருக்கிறது. இதற்குப் பொருத்தமாக இன்னொரு ஸஹாபியின் வரலாறு இருக்கிறது. ஹளரத் அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்கள். பாரசீக மன்னன் கிஸ்ராவிடம் நாயகம் (ஸல்) அவர்களின் கடிதத்தைக் கொண்டுசென்ற தூதர் இவர்களே.

ஹளரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில், ஹிஜ்ரி 19ஆம் ஆண்டு வாக்கில், ரோமர்கள் இவர்களையும் வேறு பல முஸ்லிம்களையும் சிறைபிடித்துச் சென்றார்கள். இப்னு அஸாகிர், தஹபீ போன்ற இமாம்கள் அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார்கள். மதம் மாறினால் என் ஆட்சியில் பங்கு தருகிறேன் என்றான் ரோம மன்னன். மறுத்தார்கள். கட்டிவைத்துக் கைகளுக்கும் கால்களுக்கும் அருகே அம்புகளை எய்யச் செய்தான். அசையவில்லை. பெரிய கொப்பரையைக் கொதிக்க வைத்து, கண்ணெதிரே ஒரு முஸ்லிம் கைதியை அதில் போட்டான். பிறகு இவர்களைக் கொண்டுபோனபோது கண்ணில் நீர் வந்தது. பயந்துவிட்டார் என்று மன்னன் மகிழ்ந்தான். இறைவழியில் கொடுக்க என்னிடம் ஓர் உயிர்தானே இருக்கிறது, ரோமங்களின் எண்ணிக்கைக்கு உயிர்கள் இருக்கக் கூடாதா என்றே அழுதேன் என்றார்கள்.

இன்னோர் அறிவிப்பும் உண்டு. மதுவையும் பன்றி இறைச்சியையும் மட்டும் வைத்து மூன்று நாட்கள் ஓர் அறையில் அடைத்திருந்தார்கள். தொடவே இல்லை. நிர்ப்பந்தத்தால் இது எனக்கு ஆகுமானதுதான். ஆனால் இஸ்லாத்தைப் பார்த்து நீங்கள் கைகொட்டிச் சிரிக்க நான் இடம் கொடுக்கவில்லை என்றார்கள். அனுமதி இருப்பது தெரிந்தும் அதை எடுக்காத உள்ளம்!

கடைசியாக மன்னன், என் தலையில் ஒரு முத்தம் கொடு, உன்னை விட்டுவிடுகிறேன் என்றான். முஸ்லிம் கைதிகள் அனைவரையும் விடுவாயா என்று கேட்டார்கள். விடுகிறேன் என்றான். இவன் அல்லாஹ்வின் விரோதிதான். ஆனாலும் ஒரு முத்தத்துக்கு இத்தனை பேர் பிழைக்கிறார்கள் என்றால் எனக்குக் கவலையில்லை என்று எண்ணி, அவன் தலையில் முத்தமிட்டார்கள். விடுதலையானவர்கள் 80 பேர் என்றும் 300 பேர் என்றும் அறிவிப்புகள் வேறுபடுகின்றன. மதீனா திரும்பியதும் நடந்ததைக் கேட்ட உமர் (ரலி) அவர்கள், அப்துல்லாஹ்வின் தலையை முத்தமிடுவது ஒவ்வொரு முஸ்லிம் மீதும் கடமை என்று கூறி, தாமே முதலில் எழுந்து முத்தமிட்டார்கள்.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். தம் உயிருக்காக ஒரு மிடறு மதுவைக்கூடத் தொடாதவர்கள், தோழர்களின் உயிருக்காகக் கொடுங்கோலன் முன் தலை தாழ்த்தினார்கள். அப்படியானால் தோழர்களுக்காக எதையும் செய்யலாம் என்றாகிவிடுமா? அன்று பேரனிடம் நான் சொன்ன பதில் அப்படித்தான் இருந்தது. அந்த முத்தத்தில் செலவானது எது என்று பாருங்கள். அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் சொந்த மானம். அது அவர்களுடைய பொருள். கொடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஈமானைக் கேட்டபோது கொடுக்கவில்லை. இன்னொருவர் உயிரையோ பொருளையோ எடுத்துக் கொடுத்துத் தம் தோழர்களை மீட்கவும் இல்லை.

புகாரி இமாம் அவர்கள் கிதாபுல் இக்ராஹின் கடைசிப் பாடத்தில் ஏறக்குறைய என் பேரனின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறார்கள். மதுவைக் குடி, செத்ததைத் தின், இல்லாத கடனை ஒப்புக்கொள், உன் பொருளை விற்றுவிடு அல்லது கொடுத்துவிடு; இல்லையேல் உன் தந்தையை, அல்லது உன் இஸ்லாமியச் சகோதரனைக் கொல்வோம் என்று மிரட்டினால், அவற்றைச் செய்ய இடமுண்டு என்பது அவர்களின் முடிவு. முஸ்லிம் முஸ்லிமுக்குச் சகோதரன் என்ற நபிமொழியே ஆதாரம். பிறர் உயிருக்கு வரும் ஆபத்து நிர்ப்பந்தமாகாது என்று கூறிய இமாம்களும் உண்டு. அவர்களின் கருத்தையும் அங்கேயே எடுத்துக் கூறி மறுக்கிறார்கள். அபூதாவூதில் வரும் ஒரு நிகழ்ச்சியும் இந்த வகையே. வாயில் இப்னு ஹுஜ்ர் (ரலி) அவர்களை எதிரி பிடித்துக்கொண்டபோது, உடன் வந்தவர்கள் சத்தியம் செய்யத் தயங்கினார்கள். ஸுவைத் இப்னு ஹன்ழலா (ரலி) அவர்கள் மட்டும், இவர் என் சகோதரர் என்று சத்தியம் செய்து மீட்டார்கள். நீர் உண்மையே சொன்னீர் என்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள்.

புகாரி இமாம் தந்த அந்தப் பட்டியலை நான் இரண்டு மூன்று முறை திருப்பிப் படித்தேன். மது, செத்த பிராணி, தன் கடன், தன் பொருள். மூன்றாம் மனிதன் ஒருவனின் ரத்தம் அதில் எங்குமே இல்லை!

அந்த இடம் வந்தால் இமாம்கள் அனைவரும் ஒரே குரலில் பேசுகிறார்கள். இன்னாரைக் கொல், இல்லையேல் உன்னைக் கொல்வேன் என்றால், கொல்வதற்கு அனுமதி கிடையாது. உன் உயிர் அவன் உயிரைவிட உயர்ந்ததென்று யார் சொன்னது? கொன்றுவிட்டால் பழிக்குப்பழி யார் மீது என்பதில்தான் கருத்து வேறுபாடு. ஏவிய கொடுங்கோலன் மீது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். ஏவியவன், செய்தவன் இருவர் மீதும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான சொல். ஆனால் பழி யார் தலையில் விழுந்தாலும், கத்தியைப் பிடித்தவன் பாவியாகிறான் என்பதில் இரு தரப்புக்கும் ஐயமில்லை.

நிற்க. கொலை என்றால் எல்லோருக்கும் விளங்கிவிடும். வழி காட்டுவது, எழுதிக் கொடுப்பது, பெயர்ப் பட்டியல் தருவது போன்றவற்றில்தான் மனிதன் தடுமாறுகிறான். கையில் ரத்தக்கறை தெரியாதே! இதற்கு ஸஹாபிகளின் காலத்திலிருந்து ஏறக்குறைய எட்டு நூற்றாண்டு தாண்டி, வரலாற்று மேதை இப்னு கல்தூனிடம் போக வேண்டியிருக்கிறது. அவரே தம் சுயசரிதையில் எழுதி வைத்தது இது.

1401ஆம் ஆண்டு தைமூரின் படை திமிஷ்க் நகரை முற்றுகையிட்டிருந்தது. எகிப்து சுல்தான் தம் ஆட்களை விட்டுவிட்டுக் கெய்ரோவுக்குத் திரும்பிவிட்டார். எகிப்தின் தலைமைக் காழிகளில் ஒருவரான முனாவீ ஏற்கனவே தைமூரிடம் சிக்கிக் கைதியாகியிருந்தார். கிழவரான இப்னு கல்தூன் கோட்டை மதிலிலிருந்து கயிறு கட்டி இறங்கி, உள்ளே அச்சத்தோடுதான் தைமூரின் கூடாரத்துக்குப் போனார். நீட்டிய கையை முத்தமிட்டார். தைமூர் அவருடைய தாயகமான மஃரிப் நாடுகளைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டான். வாய்வார்த்தை போதவில்லை. மலைகள், ஆறுகள், ஊர்கள், சிற்றூர்கள் எல்லாவற்றையும் கண்ணால் பார்ப்பது போல எழுதிக் கொடு என்றான். எழுதிக் கொடுத்தார். அதைத் தன் மொழியில் பெயர்க்கும்படி தைமூர் உத்தரவிட்டான். பின்னர் இப்னு கல்தூன், சுல்தான் விட்டுப்போன காரிகள், எழுத்தர்கள், அதிகாரிகள் ஆகியோருக்கு அபயம் கேட்டார். முத்திரையிட்ட கடிதம் கிடைத்தது. நகரமோ சூறையாடப்பட்டது, உமையாக்கள் கட்டிய பெரிய பள்ளிவாசலும் தீக்கிரையானது.

கை முத்தத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர் மானம். அந்த அபயக் கடிதத்தால் எத்தனை வீடுகள் தப்பினவோ, அதற்கு அல்லாஹ் கூலி தரட்டும். ஆனால் அந்த ஏடுகள்? படையெடுப்பவன் கையில் ஊரும் ஆறும் வரைந்த எழுத்து. அதில் இருந்த ஊர்களின் மக்கள் யாரும் அவரிடம் சம்மதம் சொல்லவில்லை. அவருக்கும் அது உறுத்தியிருக்க வேண்டும் என்றே எனக்குப் படுகிறது. எகிப்து திரும்பியதும் மஃரிப் சுல்தானுக்குத் தைமூரையும் தாத்தாரியரையும் பற்றி விவரமாகக் கடிதம் எழுதினார். அல்லாஹ்வின் நாட்டம், தைமூர் அந்தப் பக்கம் போகவே இல்லை. 1405இல் சீனாவை நோக்கிப் புறப்பட்ட வழியில் இறந்துபோனான். போயிருந்தால் இப்னு கல்தூனை நாம் எப்படி நினைத்திருப்போம்? பின்விளைவு நடக்காமல் போனது அவர் செயலின் நன்மை அல்லவே.

மதிலுக்கு வெளியே நின்று இதை எழுதுவது எளிது. நம் பிள்ளைகளைக் கட்டிவைத்துவிட்டு ஒருவன் காகிதத்தை நீட்டினால் நம் கை என்ன செய்யும் என்று நினைத்துப் பார்க்கவே நடுக்கமாக இருக்கிறது. ஆகவே அந்த மேதையைப் பாவி என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு நாவில்லை. அவர் செய்ததை அனுமதி என்று சொல்லவும் நாவில்லை.

மறுநாள் காலை பேரனைக் கூப்பிட்டு, நேற்று நன்னா சொன்னது அவசரத்தில் சொன்னது என்றேன். அப்துல்லாஹ் (ரலி) அவர்களின் முத்தத்தைச் சொன்னேன். கொப்பரைக் கட்டத்தில் அவன் கண் விரிந்தது. எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அந்த நாலு பேரும் செத்திருக்கணுமா நன்னா?" என்றான்.

"அவர்களுக்காக அவன் காலில் விழுந்திருக்கலாம். சொத்தைக் கொடுத்திருக்கலாம். அவர்களுக்குப் பதிலாகத் தன்னைக் கொடுத்திருக்கலாம். அதற்கும் கொடுங்கோலன் இணங்காவிட்டால் அந்தக் கொலை அவன் கொலை, வீரனுடையதல்ல" என்றேன். அவன் முகம் தெளியவில்லை. எனக்கும்தான்.

"சரி, கோட்டைக்குள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதா, பார்" என்றேன்.

உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினான்.

"அது போடலே நன்னா" என்றான்.