நாலு டிராக் போதும், பாட்டை முடி!

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தண்டலத்திலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் வாடகை அறையில் தங்கி, ஷிப்ட் முடிந்து வந்து கிட்டாரைக் கையில் எடுக்கிற தம்பிக்கும் தங்கைக்கும்தான் இதை எழுதுகிறேன். உன் கைபேசியில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருபது நொடி, முப்பது நொடித் துணுக்குகள். பல்லவியோடு நின்றுபோன மெட்டு. 'புது டியூன்' என்று பேர் போட்டு நீயே மறந்துபோன பதிவு. முழுப் பாட்டு ஒன்றுகூட இருக்காது. கேட்டால், ஸ்டுடியோவுக்குக் காசில்லை, லேப்டாப் இல்லை, வாரா வாரம் ஷிப்ட் மாறுகிறது, அறையில் ஒரே சத்தம் என்பாய். இதில் எதுவும் பொய்யில்லை. ஆனால் உன் பாட்டை நிறுத்திவைக்கும் அளவுக்கு இதில் எதற்கும் வலுவும் இல்லை!

உன்னைவிடக் குறைவாக வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பார். லெஸ் பால் என்ற அமெரிக்கக் கிட்டார்காரர், ஹாலிவுட்டில் தன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து, ஒரே ஆளாக எட்டு கிட்டார் பகுதிகளை ஒன்றன்மேல் ஒன்றாக வாசித்து 'லவ்வர்' என்ற பாட்டைப் பதிவு செய்தார். அதற்கு அவர் டேப்பைப் பயன்படுத்தவில்லை. அசிடேட் தட்டில் ஒரு பகுதியைப் பதிவார். அந்தத் தட்டை ஓடவிட்டு, கூடவே வாசித்து, இரண்டையும் அடுத்த தட்டில் ஏற்றுவார். முதல் அடுக்கில் விட்ட பிசகை எட்டாவது அடுக்கில் போய்த் திருத்த வழியே கிடையாது. 1948ல் அந்தப் பாட்டு வெளிவந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கார் விபத்தில் அவருடைய வலது முழங்கை நொறுங்கியது. இனி அது மடங்காது, ஒரே கோணத்தில்தான் நிற்கும் என்றார்கள் மருத்துவர்கள். "அப்படியானால் கிட்டார் பிடிக்கிற கோணத்தில் வைத்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டார் அந்த மனிதர். அந்தக் கையோடு தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையில் வாசித்தார். உன் முழங்கை மடங்குகிறதல்லவா? அப்புறம் என்ன!

பல டிராக்கில் பதிவு செய்வது வெகுகாலம் பெரிய ஸ்டுடியோக்களின் சொத்தாகவே இருந்தது. 1979ல் ஜப்பானின் டியாக் நிறுவனம் 'போர்ட்டாஸ்டுடியோ 144' என்ற கருவியைக் கொண்டுவந்தது. கடையில் கிடைக்கிற சாதாரண கேசட்டில் நாலு டிராக். கேசட்டை இரட்டை வேகத்தில், ஒரே திசையில் ஓட்டியதால் ஒரு மணி நேரக் கேசட்டில் பதினைந்து நிமிடம்தான் பதியும். அந்தப் பதினைந்து நிமிடம் போதுமானதாக இருந்தது! பெரிய ஸ்டுடியோக்களின் கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர், தமக்குக் கிடைத்த மந்திரத்தைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னார் என்று படித்திருப்பாய். அந்த மண்ணுக்குப் பக்கத்தில் இருக்கிற உனக்கு, கதவு திறந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

1982 ஜனவரியில் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் அந்த 144ஐ நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டின் படுக்கையறையில் வைத்தார். கவனி, வாடகை வீடு. இரண்டு மைக், ஒரு கிட்டார், ஒரு மவுத் ஆர்கன். வாத்தியக் குழுவுக்குச் சொல்லிக்கொடுக்க மாதிரியாகத்தான் பதிவு செய்தார். பிறகு நல்ல ஸ்டுடியோவில், முழுக் குழுவோடு அதே பாட்டுகளை வாசித்துப் பார்த்தார்கள். படுக்கையறைக் கேசட்டில் இருந்த உயிர் அங்கே வரவில்லை. உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்த அந்தக் கேசட்டே கடைசியில் 'நெப்ராஸ்கா' என்ற ஆல்பமாக வந்தது. அதை இசைத்தட்டுக்கு மாற்றத் தொழில்நுட்பக்காரர்கள் படாத பாடு பட்டார்கள். அந்த இசைத்தட்டை இன்றைக்கும் கேட்கிறார்கள்.

நம்மூருக்கு வா. அப்பா ஆர்.கே. சேகர் 1976ல் மறைந்தபோது ஏ.ஆர். ரஹ்மானுக்கு ஒன்பது வயது. வீட்டில் இருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பையன் 1989 வாக்கில் கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டியே 'பஞ்சதன் ரெக்கார்ட் இன்' என்ற ஸ்டுடியோவை அமைத்து விளம்பரங்களுக்கு இசை போட்டார். 1992ல் 'ரோஜா' அங்கிருந்து வந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது. அவர் வைத்திருந்த கருவிகளை நினைத்துப் பெருமூச்சு விடாதே. ராத்திரி எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் உட்கார்ந்து வேலை பார்க்கத் தனக்கென்று ஓர் இடம் வைத்துக்கொண்டாரே, அதைப் பார். சி ஷிப்ட் பார்த்துப் பழகிய உனக்கு ராத்திரி புதிதா?

உனக்குக் கிடைப்பதோ இன்னும் சுலபம். டாஸ்காம், ஜூம் போன்ற நிறுவனங்களின் சின்ன மல்ட்டி டிராக் ரெக்கார்டர் ஒன்று தோள்பையின் ஓரத்தில் அடங்கிவிடும். புதிது வாங்க முடியாவிட்டால் கைமாறியது போதும். தனியாக முடியாவிட்டால் அறையில் இரண்டு பேர் சேர்ந்து வாங்குங்கள். இவற்றில் பல மாடல்கள் பேட்டரியிலேயே ஓடும். அது எவ்வளவு பெரிய உதவி என்று வாடகை வீட்டில் பதிவு செய்கிறவனுக்குத்தான் தெரியும். பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. கிட்டாரைச் செருகினால் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். அடாப்டரைப் பிடுங்கிவிட்டுப் பென்சில் பேட்டரி போட்டுப் பார். பெரும்பாலும் அந்த இரைச்சல் காணாமல் போகும். கரண்ட் போனாலும் பாட்டு நிற்காது.

சென்னை-பெங்களூரு சாலையில் லாரி ஓயாது. உண்மைதான். ஃபேனை நிறுத்து. எதிர்ச் சுவரில் போர்வையைத் தொங்கவிடு. துணி நிறைந்த கொடி இருந்தால் அதன் பக்கம் முகம் வைத்து உட்கார். மைக்கை கிட்டாரின் ஓட்டைக்கு நேரே பிடிக்காதே, அடிக்குரல் குமுறும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு எதிரே ஒரு சாண் தள்ளி வை. அவ்வளவு கிட்டத்தில் உன் தந்திதான் பெரிதாகக் கேட்கும். லாரி பின்னால் போய்விடும். லெவல் மீட்டர் மைனஸ் 12ஐ ஒட்டி ஆடினால் போதும், சிவப்பைத் தொடவிடாதே. பக்கத்தில் தூங்குகிறவர்கள் இருந்தால் எலக்ட்ரிக் கிட்டாரையோ பிக்கப் வைத்த கிட்டாரையோ நேரே ரெக்கார்டரில் செருகி ஹெட்போன் மாட்டிக்கொள். வல்லம் வடகாலில் 2024ல் திறந்த பெண்கள் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். அப்படி ஒரு விடுதிக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகூட, யார் தூக்கமும் கெடாமல் ஒரு பாட்டை முழுசாகப் பதிவு செய்ய முடியும், தங்கையே!

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கணினியில் நூறு டிராக் திறக்கலாம். அதனாலேயே எந்த முடிவையும் எடுக்காமல் வருடக்கணக்கில் தள்ளிப்போடலாம். நாலே நாலு டிராக் உள்ள கருவி உன்னை அப்படி விடாது. முதல் டிராக்கில் மெட்ரோனோமுக்கு ரிதம் வாசிக்கிறாய். இரண்டாவதில் அதையே காப்போ மாட்டி வேறு நிலையில் வாசிக்கிறாய். மூன்றாவதில் அடித்தந்திகளில் பேஸ். இனி லீட் வேண்டும், குரல் வேண்டும். இடம் இல்லை. மூன்றையும் கலந்து நாலாவதில் ஏற்ற வேண்டும், பௌன்ஸ் என்பார்கள். பேஸ் இவ்வளவு சத்தம், ரிதம் இவ்வளவு சத்தம் என்று நீயே தீர்மானித்துப் பட்டனை அழுத்துகிறாய். பிறகு அந்த மூன்று டிராக்கின் மேலும் புதிதாகப் பதிந்துவிட்டால் பழையது போயிற்று. அங்கேதான் பல பேருக்குக் கை நடுங்குகிறது. "இன்னும் ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேனே" என்று கிட்டாரை உறையில் போட்டுவிடுகிறார்கள்.

நீ நடுங்கலாமா? லைனில் உன் கையைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு பீஸையும் பார்த்து ஓகேவா ரிஜெக்டா என்று நொடியில் சொல்கிறவன் நீ! சூப்பர்வைசர் பின்னால் நின்றாலும் உன் கண் சொல்வதைத்தான் சொல்கிறாய். லட்சக்கணக்கில் விலை போகிற காருக்கு அந்தத் தீர்ப்பைத் தருகிற உனக்கு, உன்னுடைய மூன்று நிமிடப் பாட்டுக்கு "ஓகே" என்று சொல்ல வாய் வரவில்லையா? இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்கிறாய். ஒரகடத்தில் லாரியும் புல்லட்டும் செய்கிறாய். நீ முடுக்கிய போல்ட் எந்தெந்த நாட்டுச் சாலையிலோ ஓடுகிறது. அதில் எதிலும் உன் பேர் இல்லை. உன் பேர் போட்டு வெளியே போகப்போகிற ஒரே சரக்கு இந்தப் பாட்டுதான். அதைப் பாதியில் போட்டுவைக்க உனக்கு எப்படி மனசு வருகிறது? எனக்கு ஆத்திரம் வருகிறது!

முதல் பாட்டு சுமாராகத்தான் இருக்கும். இருக்கட்டும். இரண்டாவது பாட்டில் எதைத் திருத்த வேண்டும் என்பதை முடித்த முதல் பாட்டு காட்டிக்கொடுக்கும். முடிக்காத ஐம்பது துணுக்குகள் ஒன்றும் காட்டாது. தொழில்நகரத்துப் பிள்ளைக்கு இசை எதற்கு என்று யாராவது கேட்டால், இதே சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே கையைக் காட்டு. கர்நாடக இசையைக் கிட்டாரில் வாசித்து உலகமெங்கும் கச்சேரி செய்யும் பிரசன்னா ராணிப்பேட்டையில் பிறந்தவர். ஐஐடியில் கப்பல் கட்டும் படிப்புப் படித்தவர். ராணிப்பேட்டையும் தொழிற்சாலை ஊர்தான்.

அடுத்த வாராந்தர லீவுக்கு முன்னால் ஒரு தாளை எடு. நாலு கோடு போடு. எந்த டிராக்கில் எந்த வாத்தியம், என்ன ஸ்ருதி, மெட்ரோனோம் எத்தனை என்று எழுது. அந்தத் துணுக்குகளில் ஒன்றைத் தேர்ந்தெடு. எதை என்று யாரிடமும் கேட்காதே. லீவன்று மதியத்துக்குள் ரிதமும் பேஸும் முடி, பௌன்ஸ் செய், சாப்பிட்டுவிட்டு வந்து லீட் வாசி, இருட்டுவதற்குள் குரலைப் பதிவு செய். எஸ்டி கார்டில் இருப்பதை இன்னோர் இடத்திலும் நகல் எடுத்துவை. பாட்டுக்குப் பேரும் தேதியும் உன் பேரும் போடு. மறுநாள் கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்காருகிறவர் காதில் ஹெட்போனை மாட்டி, முதல் நொடியிலிருந்து கடைசி நொடி வரை கேட்க வை!