பானையில் ஒரு பிடி மா



சரேப்தா என்னும் ஊரின் வாயிலருகே ஒரு விதவைப் பெண் சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். மழை பொய்த்து நாடு வறண்டுபோயிருந்த காலம் அது. அவ்வழியே வந்த எலியாஸ் தீர்க்கதரிசி அவளிடம் முதலில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். பின்னர் உண்ண ஒரு துண்டு அப்பமும் கேட்டார். அவளோ, பானையில் ஒரு பிடி மாவும் கலயத்தில் சிறிது எண்ணெயும் மட்டுமே உண்டென்றும், அதைச் சுட்டு மகனும் தானும் உண்டபின் சாவுதான் மிச்சம் என்றும் மறைக்காமற் சொன்னாள். அரசர்கள் முதலாம் நூலின் 17ஆம் அதிகாரத்தில் நாம் வாசிக்கும் சம்பவம் இது.

பின்னர் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். அவள் அந்த மாவில் முதலில் தீர்க்கதரிசிக்கு ஒரு சிறிய அப்பம் சுட்டுக் கொடுத்தாள். மழை பெய்யும் நாள் வரையில் பானையில் மா குறையவில்லை. கலயத்தில் எண்ணெய் வற்றவுமில்லை.

இந்தப் புதுமையை நாம் சற்று உற்றுநோக்க வேண்டும். ஆண்டவர் அவளுடைய வீட்டில் மா மூட்டைகளை அடுக்கி வைத்ததாக வேதாகமம் கூறவில்லை. நாளைக்கென்று அவள் சேர்த்து வைத்ததாகவும் இல்லை. அன்றாடம் அவள் பானைக்குள் கைவிட்டபோது அன்றைக்குத் தேவையானது இருந்தது, அவ்வளவே. பஞ்சம் நீங்கவில்லை. ஆனால், பஞ்சத்தின் நடுவே மூவர் ஒரே பானையில் உண்டு உயிர் பிழைத்தார்கள்.

இன்று நம் வீட்டுத் தாய்மாரின் நிலையும் அந்த விதவையின் நிலைக்கு மிகத் தூரமானதல்ல. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நம் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாதென்று அறிவித்ததையும், எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருட்களின் விலை ஒரே வருடத்தில் 94.9 வீதம் ஏறியிருந்தது. முந்திய வருடம் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு ஏறக்குறைய 195 ரூபாய் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்கு முந்திய மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரேயடியாக உயர்ந்தபோது, சிறு படகில் தொழிலுக்குப் போகும் நம் மக்களுள் எத்தனை பேர் படகைக் கரையில் ஏற்றி வைத்தார்கள்! 2023இல் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது உண்மையே. ஆயினும் ஏறிய விலைகளுட் பெரும்பாலானவை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் 15 வீதத்திலிருந்து 18 வீதமாயிற்று. கூலியோ விலையைத் துரத்திக்கொண்டு பின்னால் நொண்டி நொண்டி வருகின்றது.

இந்நாட்களில் ஒரு நாள் மதியம், பங்கிலே வீடு சந்திக்கச் சென்றபோது ஒரு வீட்டின் திண்ணையில் இருந்தேன். பிள்ளைகள் மூவரும் சோறும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "நீங்கள் சாப்பிடவில்லையா?" என்று தாயைக் கேட்டேன். "நான் முந்தியே சாப்பிட்டிட்டன், சுவாமி" என்றாள். சிறிது நேரத்தில் கடைசிப் பிள்ளை என் அருகில் வந்து, "அம்மா இரவிலதான் சாப்பிடுவா" என்று ஒரு செய்தியைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டு விளையாட ஓடிற்று. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அன்று அந்த வீட்டில் செபம் சொன்னேன்; ஆனால், எந்த முகத்தோடு சொன்னேன் என்று எனக்குத்தான் தெரியும். அந்த வீட்டிலிருந்து நாலு வளவு தள்ளி, அதே வாரம், ஒரு பிறந்தநாள் விருந்தில் மிஞ்சிய சோற்றைக் கிடங்கு வெட்டிப் புதைத்தார்கள்.

பிரியமானவர்களே, நம் ஒழுங்கைகளில் இப்போது இரண்டு விதமான வீடுகள் உண்டு. வெளிநாட்டில் உறவினர் உள்ள வீட்டுக்கு, டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியபோது, வந்த காசும் கூடியது. அப்படி ஒருவரும் இல்லாத வீட்டுக்கு விலைதான் கூடியது. இரு வீட்டாரும் ஒரே வாங்கில் இருந்து பூசை காண்கிறோம். ஒரே நற்கருணையை உட்கொள்கிறோம். ஆனால், பக்கத்து வீட்டு அடுப்பு எத்தனை முறை எரிகின்றது என்பது நமக்குத் தெரியுமா? ஆண்டவர் கற்பித்த செபத்திலே அன்றாட உணவை நாம் நமக்கென்று தனித்தனியே கேட்பதில்லை. எல்லோருக்குமாகச் சேர்த்தே கேட்கின்றோம். பக்கத்து வீட்டானை விலக்கிவிட்டு அந்தச் செபத்தைச் சொல்ல ஒருவராலும் முடியாது.

ஆகவே, முதலில் நம் வீட்டுக்குள்ளே பார்ப்போம். குடும்பத் தலைவர்களே, உங்கள் உழைப்பைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வையுங்கள். தவறணையில் பாதி போனபின் மிஞ்சுவதில் மனைவி எப்படி வீடு நடத்துவாள்? இருவரும் சேர்ந்து கணக்குப் பாருங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கும் நிலைமையைச் சொல்லுங்கள். தாய் பட்டினி கிடந்து வீட்டுக் கணக்கைச் சரிக்கட்டுவது சிக்கனமல்ல. அது அவள்மேல் ஏற்றப்பட்ட சிலுவை. அதில் ஒரு பக்கத்தை மற்றவர்களும் தூக்க வேண்டும். இனி, கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் நுண்கடனை அடைக்க இன்னொரு கடன் எடுக்காதீர்கள். தாலிக்கொடியை ஈடு வைக்குமுன், வெட்கத்தை விட்டு ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். சரேப்தா விதவை தன் பானையின் நிலையை மறைக்கவில்லை. அவள் சொன்னபடியாற்றான் தீர்க்கதரிசிக்கு அது தெரிந்தது.

இரண்டாவதாக, நம் கொண்டாட்டங்கள். புதுநன்மை வாங்கும் பிள்ளைக்கு விலையுயர்ந்த உடுப்பும், மண்டபமும், வீடியோவும் வேண்டுமா? இருப்பவன் செய்வதைப் பார்த்து இல்லாதவன் வட்டிக்குக் காசு எடுக்கிறான். கல்வாரியில் உடைகளும் பறிக்கப்பட்டுத் தொங்கிய ஆண்டவரை முதன்முறை உட்கொள்ளப் போகும் நாளில், அந்தப் பிள்ளையின் தகப்பன் கடன்காரனாவது தகுமா? பங்கிலுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விதமான எளிய உடுப்பும், கோயில் வளவில் எல்லோருக்கும் ஒரே பந்தியும் என்று தீர்மானித்தால் எவருக்கும் குறைவில்லை.

மூன்றாவதாக, வியாபாரம் செய்வோருக்கும் கூலி கொடுப்போருக்கும் ஒரு வார்த்தை. விலை ஏறப்போகிறதென்று கேள்விப்பட்டவுடன் பொருளைப் பதுக்குவதும், நிறுவையிற் குறைப்பதும் ஆமோஸ் தீர்க்கதரிசியின் காலத்திலேயே இருந்த பாவங்கள். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையை எப்போது திறக்கலாம் என்று காத்திருந்த வணிகரை அவர் எவ்வளவு கடுமையாகக் கண்டித்தார்! 13ஆம் சிங்கராயர் பாப்பரசர் 1891இல் வெளியிட்ட தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில், தொழிலாளி இசைந்தான் என்பதற்காக மட்டும் குறைந்த கூலி நீதியாகிவிடாது. அவன் வாழப் போதுமானதாக அது இருக்க வேண்டும் எனப் போதித்தார். மூன்று வருடத்துக்கு முந்திய கூலியையே இன்றும் கொடுத்துவிட்டு, கோயிலுக்கு விளக்கு நேர்ந்து என்ன பயன்?

கஷ்டம் நமக்குப் புதியதல்ல. 1970களிற் பாணுக்கு வரிசையில் நின்று, மரவள்ளி அவித்து உண்டவர்கள் நம் பெற்றோர். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது, குடாநாட்டில் ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அதை நனைக்குமளவு மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். சவர்க்காரமின்றிப் பனம்பழத்தினால் உடுப்புத் தோய்த்தோம். அந்த ஒரு விளக்கைச் சுற்றி அயல்வீட்டுப் பிள்ளைகளும் இருந்து படித்தார்கள். கையில் இன்றைவிடக் குறைவாகவே இருந்தது. ஆனால், கதவுகள் இன்றைவிடத் திறந்திருந்தன.

அதனினும் பழைய வழக்கம் ஒன்று நம்மிடம் உண்டு. நம் பாட்டிமார் உலையில் அரிசி போடுமுன் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே ஒரு முட்டிக்குள் போடுவார்கள். கோயிலுக்கும் ஏழைகளுக்குமான பிடியரிசி அது. ஒரு பிடி குறைந்ததனால் அந்த வீட்டுச் சோறு குறைந்ததாக எவரும் சொன்னதில்லை. அந்த முட்டியை இந்த வாரமே மீண்டும் அடுப்படியில் வைப்போமா? ஞாயிறு பூசைக்கு வரும்போது அதைக் கொண்டுவந்து பீடத்தின் முன் வைப்போம். பங்கின் வின்சென்ட் டி போல் சபையார் அதை இருட்டியபின், அயலார் அறியாமல், உரிய வீட்டிற் சேர்க்கட்டும். மானமுள்ள மக்களின் மானத்தைக் காப்பதும் தருமமே. உங்கள் வீட்டில் எடுத்து வைக்க ஒரு பிடியும் இல்லையென்றால், கூச்சப்படாதீர்கள். இம்முறை அந்த முட்டி உங்களுக்குரியது. வாங்கிக்கொள்வதும் தாழ்வல்ல, தீர்க்கதரிசியே கேட்டு உண்டவர்தாம்.

மழை எப்போது வருமென்று அந்த விதவைக்குத் தெரியாது. நாட்டின் பொருளாதாரம் எப்போது நிமிருமென்று நமக்கும் தெரியாது. ஆனால், இன்று உலை வைக்குமுன் ஒரு பிடியை எடுத்து வைக்க நம்மால் முடியும்.

ஐந்து அப்பங்களைப் பகிர்ந்தளித்தபின் மிஞ்சிய துண்டுகளும் வீணாகாதபடி சேர்க்கச் சொன்ன ஆண்டவரே, எங்கள் அடுப்படிகளை ஆசீர்வதியும். உண்டதாகச் சொல்லிப் பசித்திருக்கும் தாய்மாரைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.