முழங்காலுக்குப் பின்னால் இருக்கும் சட்டம்

2020 மே 25 சம்பவத்துக்குப் பிறகு மினியாபொலிஸ் காவல்துறை ஓர் அறிக்கை வெளியிட்டது. மோசடிப் புகாரில் பிடிபட்ட ஒருவர் போலீஸாரை எதிர்த்துத் திமிறினார், கைவிலங்கு மாட்டிய பிறகு அவருக்கு உடல்நலக் கோளாறு இருப்பது போலத் தெரிந்தது, ஆம்புலன்ஸ் வரவழைத்தோம், மருத்துவமனையில் இறந்துபோனார். அவ்வளவுதான். கழுத்தைப் பற்றியோ முழங்காலைப் பற்றியோ அதில் ஒரு சொல் கிடையாது.

இறந்தவர் ஜார்ஜ் ஃப்ளாய்ட், வயது 46. கடையில் கொடுத்த 20 டாலர் நோட்டு கள்ள நோட்டு என்பது புகார். கடை வாசலில் நின்ற 17 வயதுப் பெண் டார்னெல்லா ஃப்ரேசியர் செல்போனில் படமெடுத்திருக்காவிட்டால் அந்த அறிக்கையோடு விஷயம் முடிந்திருக்கும். டெரெக் ஷோவின் என்ற போலீஸ்காரர் 9 நிமிடம் 29 விநாடி ஃப்ளாய்டின்மேல் முழங்காலை ஊன்றியிருந்தார் என்பது பின்னர் நீதிமன்றத்தில் நிரூபணமானது. 2021-ல் ஷோவினுக்கு இருபத்திரண்டரை ஆண்டு சிறை.

இடையில் போராடத் தெருவுக்கு வந்தவர்கள், கருத்துக்கணிப்புகளை வைத்துச் செய்த மதிப்பீட்டின்படி, ஒன்றரைக் கோடியிலிருந்து 2.6 கோடிப் பேர். 'போலீஸுக்கு நிதியை வெட்டு' என்ற முழக்கம் எழுந்ததும் தொலைக்காட்சி விவாதமெல்லாம் அதன் பின்னால் போய்விட்டது. போலீஸ் வேண்டுமா வேண்டாமா என்று கத்துவது சுலபம். முடிச்சு விழுந்திருந்த இடமோ, பார்க்கவே சலிப்பூட்டும் சில சட்ட விதிகளில்.

ஷோவின் தண்டனை பெற்றது விதிவிலக்கு. போலீஸ் பலப்பிரயோகத்தை எப்படி அளப்பது என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1989-ல் வகுத்தது. அந்த வழக்கின் கதையே வேடிக்கையும் வேதனையும் கலந்தது. வட கரோலினாவின் ஷார்லட் நகரில் டெத்தோர்ன் கிரஹாம் என்ற சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை இறங்கியது. ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் ஓடினார். வரிசை நீளமாக இருந்ததால் உடனே வெளியே ஓடிவந்தார். அந்த அவசரம் போலீஸ்காரர் ஒருவரின் சந்தேகத்தைக் கிளறியது. வண்டியை மறித்தார்கள். நண்பர் நிலைமையைச் சொல்லியும் கேட்கவில்லை. முடிவில் கிரஹாமின் பாதத்தில் எலும்பு முறிந்திருந்தது. அந்த வழக்கில்தான் நீதிமன்றம் சொன்னது: நியாயமான ஒரு போலீஸ்காரர் அந்த இடத்தில், அந்தக் கணத்தில் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படித்தான் நாமும் பார்க்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து யோசித்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 'எனக்குப் பயமாக இருந்தது' என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டால், அதைத் தாண்டிப் போக ஜூரிகள் தயங்குகிறார்கள்.

குற்ற வழக்கு இல்லையென்றால் நஷ்டஈடு வழக்கு. அதற்கு ஒரு பழைய சட்டம் உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்களில் கூ க்ளக்ஸ் கிளான் கும்பல் கறுப்பினத்தவரை வேட்டையாடியபோது, உள்ளூர் ஷெரீஃப்கள் கண்ணை மூடிக்கொண்டார்கள், சிலர் கூடவே போனார்கள். அரசு அதிகாரத்தை வைத்துக்கொண்டு ஒருவரின் உரிமையைப் பறித்தவர்மேல் மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம் என்று 1871-ல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் அது பெரிதாகப் பயன்படவில்லை. 1961-ல் சிகாகோ போலீஸார் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் வீட்டை உடைத்து உள்ளே புகுந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் அதற்கு உயிர் கொடுத்தது.

ஆறே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் கடிவாளமும் போட்டது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரப் பேருந்து நிலையத்தில், வெள்ளையருக்கென ஒதுக்கிய காத்திருப்பு அறைக்குள் கறுப்பினப் பாதிரியார்களும் வெள்ளையினப் பாதிரியார்களுமாகப் பதினைந்து பேர் சேர்ந்தே நுழைந்தார்கள்; கைதானார்கள். அவர்கள் போட்ட வழக்கில், நல்லெண்ணத்தோடு கைது செய்த போலீஸ்காரரைப் பொறுப்பாக்க வேண்டியதில்லை என்று 1967-ல் தீர்ப்பு. இன்று 'குவாலிஃபைட் இம்யூனிட்டி' என்று சொல்லப்படும் காப்பு அங்கே பிறந்தது. நிறவெறியை எதிர்த்தவர்களின் வழக்கிலேயே பிறந்தது என்பதை அமெரிக்கர்களிலேயே பலர் அறிந்திருப்பார்களா என்பது சந்தேகம். 1982-ல் நல்லெண்ணம் என்ற நிபந்தனையும் போயிற்று. 'தெளிவாக நிலைநாட்டப்பட்ட' உரிமையை மீறினால்தான் பொறுப்பு என்றானது.

தெளிவு எங்கிருந்து வரும்? ஏறக்குறைய இதே மாதிரி நடந்த பழைய வழக்கு ஒன்றின் தீர்ப்பிலிருந்து. டென்னசியில் திருடப் புகுந்த ஒருவர் அடித்தளத்தில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போலீஸ் நாயை ஏவிவிட்டார்கள். சரணடைந்தவர்மேல் நாயை விடுவது தவறு என்று முன்பே தீர்ப்பு இருந்தது. ஆனால் அதில் வந்தவர் தரையில் படுத்திருந்தார், இவரோ உட்கார்ந்திருந்தார்! வழக்கு தள்ளுபடி. 2020 ஜூனில், தெருக்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த நேரத்தில், அதை விசாரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்தது. மறுப்பை எதிர்த்து எழுதியவர் பழமைவாதி என்று பெயரெடுத்த நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ்.

இந்தக் காப்பு இல்லாவிட்டால் போலீஸ்காரர் சொத்தை இழந்து நடுத்தெருவில் நிற்பார் என்பது எதிர்வாதம். ஜோனா ஷ்வார்ட்ஸ் என்ற சட்டப் பேராசிரியர் 44 பெரிய காவல் துறைகளின் ஆறு ஆண்டுக் கணக்கை எடுத்துப் பார்த்தார். வாதிகளுக்குப் போன பணத்தில் போலீஸார் சொந்தப் பையிலிருந்து கொடுத்தது 0.02 சதவீதம். மீதியெல்லாம் அரசுக் கருவூலம், அதாவது வரி கட்டுபவர்கள் தலையில். ஃப்ளாய்ட் குடும்பத்துக்கு மினியாபொலிஸ் நகரம் கொடுத்தது 2.7 கோடி டாலர். இம்யூனிட்டி போலீஸ்காரரின் பணத்தைக் காப்பாற்றவில்லை என்றால் அது வேறு எதைக் காப்பாற்றுகிறது? நகரத்தின் மேல் நேரடியாக வழக்குப் போடலாமே என்றால், அது நகரத்தின் கொள்கையாலோ வழக்கத்தாலோ நடந்தது என்று நிரூபித்தாக வேண்டும். ஆள் தப்பிவிடுவார், நகரமும் கைவிரித்துவிடும், அடிபட்டவர் நடுவில் நிற்பார்.

பணம் கொடுப்பவருக்கு வலித்தால்தானே அடுத்த தவறைத் தடுக்கத் தோன்றும். 2017-ல் இதே ஷோவின் ஒரு 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை டார்ச்லைட்டால் அடித்து, முதுகில் முழங்காலை வைத்து அழுத்தினார். உடலில் மாட்டிய கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. வேலை போகவில்லை. 2020-ல் அவர் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி தரும் அதிகாரியாகவும் இருந்தார். ஃப்ளாய்டின் முதுகை அழுத்திப் பிடித்திருந்த இளம் போலீஸ்காரர் அவரிடம் பயிற்சி பெற்றவர். சிறுவனுக்கு நகரம் 75 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது 2023-ல். துணிந்து ஒரு காவல் தலைவர் யாரையாவது வேலையிலிருந்து நீக்கினாலும், தொழிற்சங்க ஒப்பந்தப்படி நடுவரிடம் போய் வேலையைத் திரும்பப் பெற்றவர்கள் ஏராளம்.

நாட்டில் ஏறக்குறைய 18,000 தனித்தனிக் காவல் அமைப்புகள். கேள்வி கேட்க ஒரே தலைமை கிடையாது. போலீஸ் சுட்டு இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற முழுக்கணக்கே அரசிடம் இல்லாததால், 2015-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' தானே எண்ணத் தொடங்கியது. ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர். மக்கள்தொகை விகிதப்படி கறுப்பினத்தவர் இறப்பது வெள்ளையரைவிட இரு மடங்குக்கும் மேல்.

போராட்டத்தால் ஒன்றும் மாறவில்லை என்பதும் சரியல்ல. போலீஸாரின் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை மூடி வைத்த சட்டத்தை நியூயார்க் நீக்கியது. கொலராடோவில் மாநிலச் சட்டப்படி வரும் வழக்கில் இம்யூனிட்டி செல்லாது. கெட்ட எண்ணத்தோடு நடந்த போலீஸ்காரர் 25,000 டாலர் வரை சொந்தப் பணம் கட்ட நேரலாம். ஆனால் ஃப்ளாய்ட் பெயரிலான மத்திய மசோதா பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் முடங்கியது. பேச்சுவார்த்தையில் இரு கட்சிகளும் முட்டிக்கொண்ட முக்கியமான இடம் இந்த இம்யூனிட்டிதான்.

மினியாபொலிஸ் போலீஸ் அளவுக்கு மீறிய பலத்தையும் இனப் பாகுபாட்டையும் வழக்கமாக வைத்திருந்ததாக மத்திய நீதித்துறை 2023-ல் அறிக்கை தந்தது. சீர்திருத்த உடன்படிக்கை 2025 ஜனவரியில் தயாரானது. ஆட்சி மாறி, மே மாதம் அதே துறை அதைக் கைகழுவியது. மாநில மனித உரிமைத் துறை 2023-ல் நகரத்தோடு தனியாகச் செய்துகொண்ட உடன்படிக்கையில் வாஷிங்டனுக்குப் பங்கு இல்லை. மாநில நீதிமன்றத்தின் மேற்பார்வையில் இருக்கும் அதன்படி, போலீஸ் எப்போது பலத்தைப் பயன்படுத்தலாம், யாரை நிறுத்திச் சோதிக்கலாம் என்பதையெல்லாம் தனிக் கண்காணிப்பு அமைப்பு ஒன்று பரிசோதிக்கிறது.