மேப்பிளின் வெற்றுக் கிளைகள்

தண்ணீர் ஊற்றக் கற்றுக்கொள்ளவே மூன்று வருஷம் ஆகும் என்று ஜப்பானியப் போன்சாய்க்காரர்கள் சொல்வார்கள். ஒரு பூவாளி, ஒரு தொட்டி. இதில் கற்க என்ன இருக்கிறது என்று முதலில் தோன்றத்தான் செய்யும்.

என் மேப்பிள் நிற்கும் தொட்டியில் தோட்ட மண் கிடையாது. அகாதாமா என்று இங்கே ஜப்பானில் சொல்லும் எரிமலைக் களிமண் உருண்டைகள்தான். நனைந்தால் கருத்த பழுப்பு, காய்ந்தால் வெளுத்த பழுப்பு. மேலே வெளுத்திருக்கும், ஓர் உருண்டையைக் குச்சியால் புரட்டினால் அடியில் ஈரம் இருக்கும். அப்போது பூவாளியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். அடியிலும் வெளுத்திருந்தால், தொட்டியின் துளை வழியே நீர் ஓடும்வரை ஊற்ற வேண்டும். ஆகஸ்டில் காலையும் மாலையும் ஊற்றுகிறேன். ஜூன் மழையில் சில நாள் பூவாளியைத் தொடுவதே இல்லை.

*

ஊரிலிருந்து அத்தை போனில் கேட்டாள்: “வரும்போது எனக்கும் ஒரு கன்னு கொண்டாடா.” சென்னையில் அது தேறாது அத்தை என்றேன். மேப்பிளுக்குக் குளிரில் இலையுதிர்த்து மாதக்கணக்கில் உறங்கியாக வேண்டும். அந்த உறக்கம் கிடைக்காவிட்டால் வருஷத்துக்கு வருஷம் நலிந்துகொண்டே போகும். இதே காரணத்தால் நான் இருக்கும் சைதாமாவிலும் அதை வீட்டுக்குள் வைப்பதில்லை. பால்கனியில், பனியில்தான் நிற்கிறது. கடுங்குளிரில் தொட்டி உறைந்து வேர் கெடாதபடி சுவர் ஓரமாக நகர்த்தினால் போதும்.

“அப்ப ஊட்டியில?” என்றாள். அங்கே முயன்று பார்க்கலாம்.

*

ஏப்ரல். மொட்டு அவிழ்கிறது. மேப்பிளில் எல்லாமே எதிரெதிர் இணையாக வரும்: மொட்டு, இலை, கிளை. முதல் இரண்டு இலைகள் கைகூப்பியபடி வெளியே வந்து, மெல்லப் பிரிகின்றன. பிரியும் இடத்தில் கடுகளவில் அடுத்த கொழுந்து தெரியும். அதைச் சாமணத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். ஓரிரு நாள் தவறினாலும் அது நீண்டுவிடும், கணுவுக்கும் கணுவுக்கும் இடைவெளி கூடிவிடும். அந்த நீளத்தை மரம் பிறகு சுருக்கிக்கொள்ளாது. வெட்டினால்தான் உண்டு.

ஆனால் எந்த மரத்தில் கிள்ளுவது என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும். கிள்ளுவது, வடிவம் கூடிய மரத்தில் சிறு கிளைகளை நுணுக்குவதற்கான வேலை. கிள்ளக் கிள்ள மரத்தின் வலு குறையும். என்னுடையது விரல் பருமன்கூட இல்லாத இளங்கன்று. அடிமரம் பருக்க வேண்டும் என்றால் இலையும் கிளையும் தாராளமாக வளர வேண்டும். எனவே உச்சியில் இரண்டு நுனிகளை மட்டும் கிள்ளினேன். கீழ்க்கிளை ஒன்றை அதன் போக்கில் ஓட விட்டிருக்கிறேன். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கிறது. அடிமரம் தடித்த பிறகு, சில வருஷம் கழித்து, அதை வெட்டிவிடலாம்.

*

கோடையில் இரண்டு பயம். மேற்கு வெயில் பட்டால் இலை நுனி கருகும். அதற்கு நாணல் தட்டி தொங்கவிட்டாயிற்று. இன்னொன்று, வெள்ளைப் புள்ளி போட்ட நீள்கொம்பு வண்டு. அடிமரத்தில் முட்டையிடும், புழு உள்ளே குடைந்துகொண்டு போகும். தண்டைச் சுற்றிப் பொடி மரத்தூள் கிடக்கிறதா என்று தினமும் குனிந்து பார்க்கிறேன்.

*

சைதாமாவிலேயே ஒமியா போன்சாய்க் கிராமம் இருக்கிறது. 1923 நிலநடுக்கத்துக்குப் பிறகு தோக்கியோவின் போன்சாய்க்காரர்கள் நல்ல மண்ணும் நீரும் காற்றும் தேடி 1925இல் இங்கே குடியேறினார்கள். தங்களுக்குள் விதி வகுத்துக்கொண்டார்கள்: பத்து போன்சாயாவது வைத்திருக்க வேண்டும், யார் வந்தாலும் கதவைத் திறந்து காட்ட வேண்டும், வேலி உயிர்வேலியாக இருக்க வேண்டும், மாடி வீடு கட்டக் கூடாது. கடைசி விதி எனக்குப் பிடித்தது. மரத்துக்காக ஒரு தெருவே மாடி இல்லாமல் இருந்திருக்கிறது!

*

நவம்பர் கடைசியில் இலை சிவக்கிறது. பகல் வெயிலும் இரவுக் குளிரும் சேர்ந்தால் பச்சையம் சிதைகிறது. அதே சமயத்தில் இலை புதிதாகச் சிவப்பு நிறமியை உண்டாக்குகிறது. எல்லோரும் படம் எடுப்பது இந்த நாட்களில்தான். எனக்கு என்னவோ அது கொஞ்சம் மிகையான புகழ் என்றே தோன்றுகிறது. இலை அடர்ந்திருக்கும்போது எந்த மரமும் அழகுதான். கோணல் கிளை, வளைக்கச் சுற்றிய கம்பியின் தழும்பு, தேவையில்லாத கவை எல்லாம் மறைந்துவிடும்.

தோக்கியோவின் உவேனோவில் 1934 முதல் நடந்துவரும் கொகுஃபு போன்சாய்க் கண்காட்சி குளிர்காலத்தில் வருகிறது. அங்கே மேப்பிள்கள் இலையே இல்லாமல் நிற்கின்றன. சாம்பல் நிற வழவழப்பான பட்டை, அடியில் ஒன்றோடொன்று ஒட்டித் தட்டாகப் பரந்த வேர்கள், நுனிக்குப் போகப் போக மயிரிழையாகும் கிளைகள். ஐம்பது ஏப்ரல்களில் யாரோ கிள்ளியது அத்தனையும் அப்போதுதான் தெரியும்.

இலை உதிர்ந்த என் கன்றையும் இப்போது அப்படிப் பார்க்கிறேன். ஒரே கணுவிலிருந்து மூன்று கிளை கிளம்பியிருக்கிறது. விட்டுவைத்தால் அந்த இடம் முட்டாகப் புடைக்கும். நடுக்கிளை போக வேண்டும். குளிர்காலக் கடைசியில் வெட்டினால் சாறு வழியும், எனவே இப்போதே வெட்டிக் காயத்துக்குப் பசை பூச வேண்டும். மார்ச்சில், மொட்டு உப்பியதும் அவிழும் முன், வேரை வெட்டித் தொட்டி மாற்றுவேன். எண்ணெய் பிழிந்த புண்ணாக்கைத்தான் இங்கேயும் உரமாக வைக்கிறார்கள், ஊரில் மாட்டுக்கு வைக்கும் அதே சமாச்சாரம். வேரை வெட்டிய மரத்துக்கு அதை உடனே வைக்கக் கூடாது. புது இலை முற்றிய பிறகுதான் புண்ணாக்கு டப்பாவைத் திறக்க வேண்டும். மே மாதம் ஆகிவிடும்.